ஃபெடோரா அப்கிரேடில் செயலிகள் பழைய பதிப்புக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது

ஃபெடோரா லினக்ஸ் இயங்குதளத்தில் 42-ஆம் வெளியீட்டிலிருந்து 43-க்குப் போகிறீர்கள். முடிந்தபின் பார்த்தால் ஒன்றிரண்டு செயலிகளின் பதிப்பு எண் முன்பிருந்ததைவிடக் குறைந்திருக்கிறது. இது பிழையல்ல. சிஸ்டம்-அப்கிரேட் கட்டளை இயல்பாகவே 'டிஸ்ட்ரோ-சிங்க்' முறையில் இயங்குகிறது. புதிய வெளியீட்டின் ரெப்போவில் (செயலிகளின் நிறுவல் பொதிகள் இருக்கும் சேமிப்பகம்) என்ன பதிப்பு இருக்கிறதோ, அதையே நிறுவும். அது பழையதா என்று கவலைப்படாது.

பழையது எப்படி வருகிறது? வெளியீட்டுக்கு முந்தைய ஃப்ரீஸ் காலத்தில் (புதிய மாற்றங்களை நிறுத்திவைக்கும் காலம்) 42-க்கு அப்டேட் போய்விடும், 43-க்கு உரியது சோதனைக்கான டெஸ்டிங் ரெப்போவிலேயே தங்கிவிடும். இன்னொரு காரணம், பயனர்களே பொதி கட்டி வெளியிடும் காப்பர் ரெப்போக்கள். 43-க்கு அங்கே பொதி கட்டப்படவில்லை என்றால் டிஎன்எஃப் (ஃபெடோராவில் பொதிகளை நிறுவும் கருவி) நின்றுவிடாது; அந்த ரெப்போ கோப்புகளில் 'ஸ்கிப்-இஃப்-அன்அவெய்லபிள்' இயக்கப்பட்டிருப்பதால் அதைத் தாண்டிப்போய், ஃபெடோராவின் சொந்தப் பழைய பொதியைப் போட்டுவிடும். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான்.

எண் குறைவதால் மட்டும் நட்டமில்லை, தரவுதான் பிரச்சினை. ஃபயர்ஃபாக்ஸ் 67 முதல், புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலை (புக்மார்க், அமைப்புகள் இருக்கும் கோப்புறை) பழைய பதிப்பு திறக்க மறுக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் முதன்மைப் பதிப்பு ஒன்று குறைந்தாலும் சர்வர் கிளம்பாது. எனவே முதலில் புரொஃபைல் கோப்புறையை நகலெடுங்கள், தரவுத்தளத்தை டம்ப் (காப்புக்கோப்பு) எடுங்கள்.

அடுத்து, நிறுவியுள்ள பொதிகளைப் பட்டியலிடும் 'ஆர்பிஎம் -க்யூஏ' கட்டளை தருவதை வரிசைப்படுத்தி ஒரு கோப்பில் சேமியுங்கள். (கட்டளைகளை டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.) 'டிஎன்எஃப் அப்கிரேட் --ரிஃப்ரெஷ்' ஓட்டி, ரீபூட் செய்தபின்:

சூடோ டிஎன்எஃப் சிஸ்டம்-அப்கிரேட் டவுன்லோட் --ரிலீஸ்வெர்=43

நீளமான பட்டியல் வரும். 'ஒய்' தட்டுவதற்கு முன் 'டவுன்கிரேடிங்' என்ற தலைப்பைத் தேடுங்கள். வெறும் என்டர் தட்டினால் 'இல்லை' என்றே கொள்ளும், பயமில்லை. மொழிக்கோப்பு, எழுத்துரு போன்றவை அங்கே இருந்தால் விட்டுவிடலாம். உலாவி, மெயில் செயலி, தரவுத்தளம் இருந்தால் நிறுத்துங்கள்.

அவசரமில்லை என்றால் ஒரு வாரம் பொறுப்பதே மேல். டெஸ்டிங்கில் இருப்பது அதற்குள் அப்டேட்ஸ் ரெப்போவுக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம். காத்திருக்க முடியாதவர்கள் அதே கட்டளையோடு --எனேபிள்-ரெப்போ=அப்டேட்ஸ்-டெஸ்டிங் சேர்க்கலாம். ஆனால் டெஸ்டிங்கில் உள்ள மற்றவையும் கூடவே வரும். காப்பர் பொதி என்றால் அதன் பக்கத்தில் 43-க்குக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசி வழி --நோ-டவுன்கிரேட். இது பழைய பதிப்பு எதையும் நிறுவ விடாது. ஆனால் 42-க்குக் கட்டிய பொதி 42-இன் லைப்ரரிகளைக் கேட்கும். அவை 43-இல் மாறியிருந்தால் சார்புச் சிக்கல் வந்து அப்கிரேடே நின்றுபோகலாம். ஒரு பொதியை அதே பதிப்பில் பூட்டிவைக்கும் 'வெர்ஷன்லாக்' போட்டாலும் இதே கதைதான். தனியாக நிறுவப்படும் பிளாட்பேக் வகைச் செயலிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை ஃபெடோராவின் ஆர்பிஎம் பொதிக் கணக்கில் வருவதில்லை.

அப்கிரேட் முடிந்ததும் பொதிப் பட்டியலை மறுபடி எடுத்து, பழையதோடு 'டிஃப்' கட்டளையால் ஒப்பிடுங்கள். 'டிஎன்எஃப் லிஸ்ட் --எக்ஸ்ட்ராஸ்', எந்த ரெப்போவிலும் இல்லாமல் தங்கிவிட்ட பொதிகளைக் காட்டும். வெர்ஷன்லாக் போட்டிருந்தால் மறக்காமல் நீக்குங்கள். இல்லாவிட்டால் அந்தச் செயலிக்குப் பாதுகாப்பு அப்டேட்டும் வராது.