பேட்டரில ஓடுற வாய்ஸ் அசிஸ்டெண்ட்டுக்கு பவர் பார்ட்ஸ் எப்படி பார்த்து வாங்குறது

யூஎஸ்பில சொருகி வச்சா அருமையா பேசும், பேட்டரிக்கு மாத்தினதும் பதில் சொல்ல ஆரம்பிக்கிற நேரம் பார்த்து ரீசெட் ஆகிடும். புதுசா இறங்குறவங்க நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான். உடனே பெரிய பேட்டரி வாங்க ஓடாதீங்க, பெரும்பாலும் பிரச்சனை கண் இமைக்கிற நேரத்துல வந்து போற பீக் கரண்ட்டை நடுவுல இருக்குற ஏதோ ஒரு பார்ட் தாங்காததுதான். அதனால முதல்ல கணக்கு, அப்புறம் பர்ச்சேஸ்.

நான் எடுத்துக்குற செட்டப் இது: வைஃபை இருக்குற ஈஎஸ்பி32-எஸ்3 கன்ட்ரோலர் போர்டு (இனிமே ஈஎஸ்பி), ஐஎன்எம்பி441 மைக், மேக்ஸ்98357ஏ ஆம்ப்ளிஃபையர், 4 ஓம் ஸ்பீக்கர்.

ஸ்டெப் 1: யார் எவ்வளவு இழுக்குறாங்க

மைக் ரெண்டரை மில்லிஆம்பைத் தாண்டாது, மறந்துடுங்க. ஈஎஸ்பி வைஃபைல டேட்டா அனுப்புற நேரத்துல சுமார் 350 மில்லிஆம்ப் வரைக்கும் போகும். ஸ்பீக்கர் ஃபுல் வால்யூம்ல கத்தினா அரை ஆம்பியரைத் தாண்டும். ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா ஒரு ஆம்பியர்கிட்ட, அதுவும் பதில் ஸ்ட்ரீம் ஆகிட்டே பேசும்போது கட்டாயம் ஒன்னாதான் வரும். இந்த ஒரு ஆம்பியரை மனசுல வச்சுக்கிட்டு மீதி எல்லாத்தையும் செலக்ட் பண்ணுங்க.

ஸ்டெப் 2: பட்டனா, வேக் வேர்டா

வேக் வேர்டுக்காக, அதாவது கூப்பிடுற சொல்லுக்காக, எப்பவும் காது கொடுத்துட்டே இருக்கணும்னா சிப் தூங்கவே முடியாது, சராசரியா 120 மில்லிஆம்ப்னு வச்சுக்கலாம். ஹோம் அசிஸ்டெண்ட்ங்கற வீட்டு ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர்காரங்க 2024 கடைசில விட்ட வாய்ஸ் டிவைஸும் இதே எஸ்3 சிப்தான், அதுல பேட்டரியே கிடையாது, யூஎஸ்பி-சி ஒயர்லதான் ஓடும். பட்டன் அமுக்கி பேசுற மாதிரி வச்சா டீப் ஸ்லீப்ல, அதாவது கிட்டத்தட்ட எல்லாத்தையும் அணைச்ச தூக்கத்துல போட்டுடலாம், சிப் மட்டும்னா 10 மைக்ரோஆம்புக்குள்ள. ஆனா டெவ் போர்டுல பவர் எல்இடி, யூஎஸ்பி சிப், ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து சில மில்லிஆம்ப் தின்னும், டேட்டாஷீட் நம்பரை அப்படியே நம்பிடாதீங்க. முதல் ப்ராஜெக்ட்டுக்கு என் ஓட்டு பட்டனுக்குத்தான்.

ஸ்டெப் 3: செல்

ஒரே ஒரு 18650, அதாவது உருளை வடிவ லித்தியம் செல், போதும். நிஜமான 18650 பெரும்பாலும் 3500 மில்லிஆம்ப்-ஹவர் வாக்குலதான் நிக்கும், 9900னு அச்சடிச்சு வித்தா அது டுபாக்கூர், தொடாதீங்க. 2600 செல்லுக்கு 80 சதவீதம்தான் கைக்கு வரும்னு வச்சா 2080, அதை 120ஆல வகுத்தா 17 மணி நேரம்.

ஸ்டெப் 4: சார்ஜிங்

டிபி4056 மாட்யூல் சீப், நல்லாவும் இருக்கு. பி பேட் ரெண்டு, அவுட் பேட் ரெண்டு தனித்தனியா இருக்குற, செல் ஒரேயடியா காலியாகாம காக்குற ப்ரொடெக்‌ஷன் வெர்ஷனா பார்த்து வாங்குங்க. டீஃபால்ட்டா 1 ஆம்பியர்ல சார்ஜ் பண்ணும், 500 மில்லிஆம்ப்-ஹவர் குட்டி லிப்போ பேட்டரிக்கு அது ரொம்ப ஓவர், அதுல இருக்குற 1.2 கிலோஓம் ரெசிஸ்டரை எடுத்துட்டு 5 கிலோஓம் போட்டா 250 மில்லிஆம்புக்கு இறங்கிடும்.

இன்னொன்னு, இந்த சிப் சார்ஜ் கரண்ட் பத்துல ஒரு பங்கா, அதாவது 100 மில்லிஆம்பா குறைஞ்சாதான் ஃபுல்னு முடிவு பண்ணும். உங்க டிவைஸே 120 இழுத்துட்டு இருந்தா அது எப்படி குறையும்? லைட் மாறவே மாறாது, செல் 4.2 வோல்ட்லயே தொங்கிட்டு இருக்கும். அதனால சார்ஜ் போடும்போது ஸ்விட்ச் ஆஃப் பண்ணுங்க, இல்ல பவர்-பாத், அதாவது டிவைஸுக்கும் செல்லுக்கும் தனித்தனி வழி இருக்குற பிக்யூ24074 மாதிரி சார்ஜர் போர்டுக்கு போங்க.

பவர் பேங்க் மாட்யூல் ஐபி5306 போட்டுட்டா எல்லாம் முடிஞ்சுதேன்னு தோணும், ஆனா லோடு 50 மில்லிஆம்புக்கு கீழ போனா அரை நிமிஷத்துல அதுவே ஆஃப் ஆகிடும். டீப் ஸ்லீப்புக்கும் அதுக்கும் ஆகவே ஆகாது.

ஸ்டெப் 5: ரெகுலேட்டர், இங்கதான் பாதி பேர் சறுக்குறாங்க

செல் 4.2ல ஆரம்பிச்சு 3 வரைக்கும் இறங்கும், ஈஎஸ்பிக்கு வேணும்கறது 3.3. ஏஎம்எஸ்1117ங்கற ரெகுலேட்டர் தன் பங்குக்கே ஒரு வோல்ட்டுக்கு மேல எடுத்துக்கும், 3.7ல அது 3.3 தர சான்ஸே இல்ல. அதனால 5 வோல்ட்டுக்கு பூஸ்ட் பண்ணி, அதாவது ஏத்தி, மறுபடி 3.3க்கு இறக்குறாங்க, ரெண்டு இடத்துலயும் நஷ்டம். 5 வோல்ட்ல 1 ஆம்பியர் வேணும்னா செல் 3.3ல இருக்கும்போது நஷ்டமும் சேர்த்து அதுலேருந்து 1.8 ஆம்பியர் உறிஞ்சணும், மெல்லிசு ஒயர்ல அதுவே வோல்டேஜை இழுத்து கீழ போட்டுடும்.

5 வோல்ட்டே வேணாம்ங்கறதுதான் என் கட்சி. ஆம்ப்ளிஃபையர் 2.5 வோல்ட்லேருந்து வேலை செய்யும், டிபி4056 அவுட்லேருந்து நேரா கொடுங்க, சவுண்ட் கொஞ்சம் கம்மி, ஒரு ரூமுக்கு தாராளம். ஈஎஸ்பிக்கு மட்டும் தன் பங்குக்கு கொஞ்சமா மட்டும் வோல்ட் எடுத்துக்குற (குறைஞ்ச டிராப்அவுட்) ஆர்டி9080 ரெகுலேட்டர், 600 மில்லிஆம்ப் தரும், அதை 3.3 பின்ல கொடுங்க. அப்படி கொடுத்திருக்கும்போது யூஎஸ்பி கேபிளை சொருகாதீங்க. மைக்கும் இதே 3.3லேருந்துதான், பேட்டரிலேருந்து நேரா கொடுத்தா போச்சு. செல் 3.4க்கு கீழ போனா மிச்சம் இருக்குற சார்ஜ் கொஞ்சம்தான், அதுக்காக ஏத்தவும் இறக்கவும் தெரிஞ்ச பக்-பூஸ்ட் ரெகுலேட்டர் வாங்குறது இப்போதைக்கு தேவையில்ல.

ஸ்டெப் 6: கெப்பாசிட்டர், கட்-ஆஃப்

ஆம்ப் பின்னுக்கு பக்கத்துலயே 470 மைக்ரோஃபாரட், ஈஎஸ்பி 3.3 பின்கிட்ட 100 மைக்ரோஃபாரட். ஆம்புக்கும் ஈஎஸ்பிக்கும் கிரவுண்ட் ஒயரை செல்லுலேருந்தே தனித்தனியா இழுக்கறதை விட, ப்ரொடெக்‌ஷன் வேலை செய்யணும்னா அவுட் மைனஸ்லேருந்து பிரிச்சு இழுங்க. அந்த ப்ரொடெக்‌ஷன் சிப் 2.4 வோல்ட் வரைக்கும் விட்டுடும், செல்லுக்கு அது நல்லதில்ல, ரெண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டர்ல பாதியாக்கி ஈஎஸ்பியோட ஏடிசில (வோல்டேஜ் அளக்குற பின்) படிச்சு, செல் 3.3 வந்ததும் கோட்லயே தூங்க வச்சுடுங்க.

கடைசியா டெஸ்ட்: செல் 3.5ல இருக்கும்போது ஃபுல் வால்யூம்ல ஒரு நீளமான பதில் பேச விடுங்க. நடுவுல ரீசெட் ஆகிட்டா முதல்ல ஒயரையும் செல் ஹோல்டர் ஸ்ப்ரிங்கையும் பாருங்க, அப்புறம் கெப்பாசிட்டர், அதுக்கப்புறம்தான் ரெகுலேட்டர். மல்டிமீட்டர்ல கரண்ட் பார்த்து 200தானே காட்டுதுன்னு ஏமாறாதீங்க, அது காட்டுறது சராசரி.