டெக்சாஸில் ரிவால்வர் வாங்கிய நம்மவர்களுக்கு: சுத்தம் செய்ய வீட்டுச் சாமானே போதும்

முதலில் சட்டம். எச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. இது கூட்டாட்சிச் சட்டம். டெக்சாஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் செல்லாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போல ஒருசில விலக்குகள் உண்டு. அதை நம்பி வாங்குவதற்கு முன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மீதியை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வாங்கும்போதே பெரிய கிளீனிங் கிட் ஒன்றையும் சேர்த்துக் காட்டுவார்கள். அவசரப்பட வேண்டாம். பழைய டூத் பிரஷ், கிழிந்த பனியனைச் சின்னச் சதுரங்களாக வெட்டிய துணி, மூங்கில் குச்சி, காது குடையும் பட்ஸ், தையல் மெஷின் எண்ணெய். பெரும்பாலான வேலை இவற்றிலேயே முடிந்துவிடும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் பக்கம் மட்டும் போகாதீர்கள். முன்னது குளிரில் உறைந்துவிடும், பின்னது நாளாக நாளாகப் பிசினாகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

தொடங்கும் முன் சிலிண்டரை (தோட்டாக்கள் இருக்கும் துளைகளுள்ள உருளை) திறந்து, குழலை மேல்நோக்கிப் பிடித்து, எஜெக்டரை (தோட்டாக்களை வெளியே தள்ளும் கம்பி) அழுத்தி தோட்டாக்களைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு துளையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். சினிமாவில் வருவது போல மணிக்கட்டைச் சுழற்றி சிலிண்டரை மூடினால் அதைத் தாங்கும் கிரேன் வளைந்துவிடும்.

ரிவால்வர் குழலுக்குள் பின்பக்கமிருந்து நேராகக் கம்பி விட முடியாது, துப்பாக்கியின் உடற்கூடு (ஃபிரேம்) மறிக்கும். முன்வாயிலிருந்து இரும்புக் கம்பியை விட்டால் வாயின் விளிம்பு தேயும், குறி கெடும். இதற்கு மலிவான வழி, புல் வெட்டும் டிரிம்மரின் நைலான் நரம்பு. குழலைவிட மூன்று மடங்கு நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைத் தீயில் லேசாகக் காட்டினால் உருகிக் குமிழாகும். மறுமுனையைச் சாய்வாகச் சீவித் துணியின் நடுவில் குத்திக் குமிழ் வரை இழுங்கள். சிலிண்டர் திறந்திருக்கும் இடைவெளி வழியாகக் கூர்முனையைக் குழலின் பின்வாயில் நுழைத்து முன்வாய் வழியே உருவுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றி இழுத்தால் போதும்.

பலர் விட்டுவிடும் இடம், எஜெக்டரின் முனையில் நட்சத்திர வடிவில் இருக்கும் தகட்டின் அடிப்பக்கம். எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்றிரண்டு அங்கே தங்கினாலே சிலிண்டர் இறுகிச் சுற்ற மறுக்கும். உலர்ந்த டூத் பிரஷால் தட்டிவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், துகளை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

.357 மேக்னம் தோட்டாவுக்கான ரிவால்வரில் செலவு குறைய .38 ஸ்பெஷல் என்ற மலிவான தோட்டாவைச் சுடுபவர்கள் உண்டு. அந்தத் தோட்டாவின் கூடு மேக்னத்தைவிடச் சுமார் 0.135 அங்குலம் குட்டை. அது முடியும் இடத்தில் துளைக்குள் கரி வளையம் கட்டும், பிறகு மேக்னம் தோட்டா சிரமப்பட்டுத்தான் உள்ளே போகும். இதற்கு டூத் பிரஷ் உதவாது. அளவுக்கேற்ற வெண்கல பிரஷைக் காசு கொடுத்து வாங்குங்கள். ஈயம் படிந்திருந்தால், தேய்ந்த வெண்கல பிரஷில் பாத்திரம் தேய்க்கும் செம்பு நாரைச் சுற்றித் தேய்க்கலாம். நாரைக் காந்தம் இழுத்தால் அது செம்புப் பூச்சுள்ள இரும்பு. தொடவே தொடாதீர்கள்.

ஸ்க்ரூடிரைவர் விஷயத்திலும் சிக்கனம் கூடாது. சாதாரண ஸ்க்ரூடிரைவர் முனை சரிவாக இருக்கும், வழுக்கித் திருகின் தலையைச் சிதைத்துவிடும். துப்பாக்கிக்கென்றே வரும், இரு பக்கமும் சரிவில்லாமல் இணையாக இருக்கும் முனை வேண்டும். உள்ளிருக்கும் பாகங்களை மூடியிருக்கும் பக்கத் தகட்டைத் திறக்கும் வேலையைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடுவதே என் யோசனை.

இதையெல்லாம் சமையலறை மேசையில் செய்யாதீர்கள். கரியோடு ஈயமும் வருகிறது, குழந்தைகளுக்கு அது நஞ்சு. கராஜைத் திறந்து வைத்து, பழைய செய்தித்தாள் விரித்துச் செய்யுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அந்த பிரஷை வேறெதற்கும் எடுக்காதீர்கள். கடையில் வாங்கும்போது பூட்டு ஒன்றும் சேர்த்துத் தர வேண்டும் என்பது சட்டம். அதைப் பெட்டியிலேயே போட்டு வைக்காமல் மாட்டுங்கள். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் குண்டு போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி விட்டால் டெக்சாஸில் வழக்கு வரும்.

அப்புறம், இந்தச் சாமான்களை வைக்கும் பையை ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். பையின் மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின் கீழ் மாட்டிக்கொள்வீர்கள்.