மங்கோலிய மேய்ப்பர்களிடையே பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கோடையில் மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில், விடுதி ஒன்றின் சமையலறையில் நான்கு பேர் வரைபடத்தை விரித்துவைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு 300 கி.மீ., மொத்தம் ஏழு நாள், எட்டாம் நாள் காலை விமானம். எட்டிப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் நான் போட்ட அதே கணக்கு.

வாசற்படியை மிதிக்காதே, அடுப்பில் குப்பை போடாதே என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்லப்போவது வேறு.

கிலோமீட்டரை நம்புவது

உலான்பாத்தரிலிருந்து கார்கோரின் என்கிற ஊர் சுமார் 360 கி.மீ. தார்ச்சாலை, ஒரு பகலில் போய்விடலாம். அங்கிருந்து ஓர்கோன் அருவி 120 கி.மீ. சொச்சம்தான். "மூன்று மணி நேரம்" என்று குறித்துவைத்திருந்தேன். பழைய எரிமலைக் குழம்பு இறுகிப் பாறையாகக் கிடக்கும் பள்ளத்தாக்கு அது. அப்போது அங்கே சாலை என்றால் புல்லில் பிரிந்து பிரிந்து ஓடும் டயர் தடங்கள்தான். போதாக்குறைக்கு, அந்த நாட்டின் மழையில் பெரும்பகுதி ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் பெய்துவிடும். நாமும் அப்போதுதான் போகிறோம்.

எங்கள் ஓட்டுநர் வழியில் தெரிந்த ஒவ்வொரு கெருக்கும் (அந்த வட்டக் கூடாரத்துக்கு அதுதான் பெயர்) வண்டியைத் திருப்பினார். உள்ளே போனால் உப்புப் போட்ட பால் தேநீர், ஆரூல் என்கிற காய்ந்த தயிர்க்கட்டி, அரை மணி நேரப் பேச்சு. மூன்றாவது கெரில் என் பொறுமை போய்விட்டது. "தேநீர் வேண்டாம், கிளம்புவோம்" என்றேன். அத்தோடு விடாமல், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்றும் கேட்டேன். அவர் முகம் இறுகிவிட்டது. போய்ச் சேரும் நேரத்தைக் கேட்பது அபசகுனம் என்பது அங்கே ஓட்டுநர்களின் நம்பிக்கை.

ஒரு மணி நேரம் கழித்து ஆற்றின் நடுவில் நின்றோம். எஞ்சினுக்குள் தண்ணீர். குதிரையில் வந்த ஒரு பையன் எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு நாளாக எல்லோரும் மேலே தள்ளித்தான் ஆற்றைக் கடக்கிறார்களாம். அந்தக் கெரில் உட்கார்ந்திருந்தால் எங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

ஓட்டுநர் நின்றது தேநீருக்காக இல்லை, வழி கேட்க. எந்தத் துறையில் இன்று ஆழம் குறைவு என்பது காலையில் அங்கே ஆடு ஓட்டியவருக்குத்தான் தெரியும். ஆனால் எடுத்த எடுப்பில் வழி கேட்க முடியாது. கால்நடை கொழுத்திருக்கிறதா, கோடை எப்படிப் போகிறது என்று விசாரித்த பிறகுதான் ஆற்றுக்கு வர வேண்டும்.

லாரி ஒன்று வந்து எங்களை இழுத்துப்போட மறுநாள் மதியம் ஆனது. எஞ்சினைச் சரிசெய்ய இன்னும் இரண்டு நாள். விமானம் போயே போய்விட்டது. புது டிக்கெட்டின் விலை வேன் வாடகையைவிட அதிகம். இன்றைக்கும் சுற்றுலாத் திட்டங்களில் "120 கி.மீ., மதிய உணவுக்கு அருவி" என்று படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போட்ட தூரத்தைப் பாதியாக்குங்கள். விமானத்துக்கு முன் இரண்டு நாளைச் சும்மா விடுங்கள்.

கதவைத் தட்டுவது

தட்டக் கூடாது. தூரத்திலேயே நின்று "நோகோய் கோர்!" என்று குரல் கொடுங்கள். நாயைப் பிடியுங்கள் என்று அர்த்தம். நாய் எதிரில் வந்தால் ஏன் என்று புரியும்.

ஐராக்கை மடக்கென்று குடிப்பது

புளித்த குதிரைப்பால். முதல் நாள் ஒரு வாய் போதும், கிண்ணத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நான் இரண்டு கிண்ணம் குடித்தேன். அந்த இரவைப் பற்றி எழுதப்போவதில்லை.

சைவம் கிடைக்கும் என்று நினைப்பது

கிடைக்காது. அரிசி, பருப்பு எடுத்துப் போங்கள்.

வெறுங்கையோடு போவது

மாவு, அரிசி, தேயிலை எதுவானாலும் சரி, வலது கையால் கொடுங்கள். அதைவிட, எடுத்த படங்களை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் கொண்டாடுவார்கள். இரண்டு வருடம் கழித்து, ஆற்றில் எங்களைப் பார்த்துச் சிரித்த அந்தப் பையனின் வீட்டைத் தேடிப் போனேன். இடம் மாறியிருந்தார்கள். நான்கு கெர்களில் தேநீர் குடித்துத்தான் கண்டுபிடித்தோம். வாசலுக்கு நேர் எதிரே குடும்பப் படங்கள் வைக்கும் சட்டத்தில் இப்போது எங்கள் வேனும் இருக்கிறது, பாதி தண்ணீரில்.