கினிப்பன்றி அசையாமல் இருந்தால் பழகிவிட்டது என்று அர்த்தமில்லை

கினிப்பன்றி என்பது வீட்டில் வளர்க்கும், கொறித்துத் தின்னும் ஒரு சிறு பிராணி. எங்கள் வீட்டுக்கு இரண்டு கினிப்பன்றிக் குட்டிகள் வந்தது ஒரு தைப்பொங்கலுக்கு மறுநாள். கண்டியில் வாங்கி, அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ஹற்றன் பஸ்ஸில் வந்து சேர்ந்தோம். அன்று பின்னேரமே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து (வரிசை வீடுகளின்) பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு தடவை தூக்கினார்கள். பழுப்புக் குட்டி யார் கையிலும் துள்ளவில்லை, கத்தவும் இல்லை. "பாருங்க, எவ்வளவு சாது" என்று சொன்னது நான்தான். மறுநாள் காலையில் பார்த்தால், வைத்த புல் வைத்தபடியே கிடந்தது. குட்டி பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

அது சாதுவாக இருக்கவில்லை, பயத்தில் உறைந்துபோய் இருந்தது. புதிதாகக் கினிப்பன்றி வளர்ப்பவர்கள் செய்கிற மற்றத் தவறுகளில் பாதி, இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாததால்தான் வருகிறது.

கோழி வளர்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். மேலே பருந்து வட்டமிட்டால் குஞ்சுகள் தேயிலைச் செடிக்கு அடியில் பதுங்கிக் கல்லைப்போல் இருந்துவிடும். அதைப் பார்த்து குஞ்சுக்குப் பருந்து பழகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. கினிப்பன்றியும் அப்படித்தான். தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைப் பகுதி மக்கள் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனாலும் இரையாகிப் பிழைத்த இனத்தின் பயம் அதை விட்டுப் போகவில்லை. ஆபத்து வந்தால் ஓடும், ஓட இடமில்லாவிட்டால் உறையும்.

பயந்த குட்டியின் உடம்பு விறைப்பாக இருக்கும், கண் பிதுங்கினாற்போல் தெரியும், மூச்சு வேகமாக ஓடும். பழகியது உடம்பைத் தளர்த்திப் பரப்பிக்கொள்ளும், பின்னங்காலை நீட்டும், முகத்தைத் துடைத்துக்கொள்ளும். மடியில் இருந்துகொண்டே எதையாவது மென்றால், அதைவிட நல்ல அடையாளம் வேறில்லை. சத்தத்தையும் கவனியுங்கள். தாழ்ந்த குரலில் நிதானமாகக் குறுகுறுத்தால் சுகமாக இருக்கிறது. அதே சத்தம் சுருக்கமாக, கொஞ்சம் உச்சத்தில் வந்து, உடம்பும் விறைத்தால் பிடிக்கவில்லை. பல்லைக் கடகடவென்று அடித்தால் கோபம், கையை எடுத்துவிட வேண்டும். தலையை மேலே வெட்டி உதறுவதும் "போதும்" என்பதுதான்.

நான் செய்த முதல் தவறு, வந்த அன்றே தூக்கியது. குறைந்தது இரண்டு மூன்று நாள் கை வைக்காமல் விடுங்கள். புல்லும் தண்ணீரும் வையுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருங்கள், அது போதும். கூட்டை ஆட்கள் தாண்டித் தாண்டிப் போகிற கதவடியில் வைக்காமல், சுவர் மூலையில் வைப்பது நல்லது. ஒளிய இடம் கொடுத்தால் ஒளிந்துகொண்டே இருக்கும், பழகாது என்று சிலர் பெட்டியை எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் நடப்பது நேர்மாறு. ஓடி ஒளிய ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்த குட்டிதான் தைரியமாக வெளியே வரும். இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் சரி. கோயில் ஒலிபெருக்கியும் பட்டாசும் கேட்கிற எங்கள் வீடுகளில் அது கட்டாயம் வேண்டும்.

அடுத்தது, மேலிருந்து வரும் கை. நம்மில் பலர் மரப்பெட்டியில்தான் வளர்க்கிறோம், திறப்பு மேலே இருக்கும். ஆகவே கை எப்போதும் பருந்தைப்போல் மேலிருந்துதான் இறங்குகிறது. முடிந்தால் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கதவு வெட்டுங்கள். தரையில் உட்கார்ந்து, கையைத் தரையோடு ஒட்டி, பக்கத்திலிருந்து மெல்ல நீட்டுங்கள். கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் சுற்றிலும் பார்க்கும், ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. கையில் ஒரு கொத்தமல்லித் தண்டு இருக்கட்டும். முதல் நாள் வராது. இரண்டாம் நாள் எட்டி இழுத்துக்கொண்டு ஓடும். சில நாளில் கையிலேயே நின்று தின்னும், அப்போது ஒரு விரலால் கன்னத்தைத் தடவலாம். முதுகின் பின்பக்கத்தைத் தொடுவது பலவற்றுக்குப் பிடிக்காது.

இந்தப் பொறுமை இல்லாமல் கூட்டைச் சுற்றித் துரத்திப் பிடித்தால், ஒரே துரத்தலில் பத்து நாள் பழக்கம் போய்விடும். கூடு கழுவ அவசரமாக எடுக்க வேண்டும் என்றால் ஒரு சிறிய கூடையைச் சாய்த்து வைத்து, அது தானாக நுழைந்ததும் கூடையோடு தூக்குங்கள்.

தூக்கும்போது ஒரு கை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுக்கு அடியில், மற்றக் கை உடனே பின்பக்கத்துக்கு அடியில். பிறகு உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். பூனைக்குட்டியைப்போல் பிடரியில் தூக்கவே கூடாது, வயிற்றை நெரித்துப் பிடிக்கவும் கூடாது. வளர்ந்த கினிப்பன்றி ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். உடம்பு கனம், கால்கள் மெல்லியவை. பூனையைப்போல் காலூன்றி விழத் தெரியாது. சீமெந்துத் தரையில் இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் காலோ பல்லோ முதுகெலும்போ உடையலாம். அதனால் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்துதான் வைத்திருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களே மடியில் வைத்துக் கொடுக்க வேண்டும். முதலில் பத்து நிமிடம் போதும். குட்டி பின்னால் நகர்ந்து நகர்ந்து நெளிந்தால் மூத்திரம் வருகிறது என்று அர்த்தம், கூட்டில் விட்டுவிடுங்கள்.

மலைநாட்டில் குளிரையும் யோசிக்க வேண்டும். கினிப்பன்றிக்குச் சுகமான வெப்பநிலை 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரை. 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் 10 பாகைக்கும் கீழே போகும், சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனியே படியும். குழாய்த் தண்ணீரில் கழுவிய கையை அப்படியே அதன் வயிற்றில் வைத்தால் துள்ளாமல் என்ன செய்யும்? நான் இப்போது தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுகிறேன். மடியில் ஒரு கம்பளித் துண்டு, அதன்மேல் ஒரு பழைய துவாய். நாற்றம் அடிக்கிறது என்று குளிப்பாட்டுவது இங்கே இன்னும் ஆபத்து, மூடுபனிக் காலத்தில் அந்த மயிர் லேசில் காயாது. நாயைத் தடவிய கையோடும் போகாதீர்கள்.

தனியாக ஒன்றை வளர்ப்பதும் தவறுதான். கூட்டமாக வாழும் பிராணி அது, துணை இருந்தால் தைரியம் வரும். இரண்டும் ஒரே பாலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சில மாதத்தில் குட்டிகள் நிறைந்துவிடும்.

ஆசை காட்டக் கொடுக்கும் தீனியிலும் கவனம் வேண்டும். தோட்டத்தில் கிடைக்கிறது என்று லீக்ஸ், வெங்காயத்தாள், உருளைக்கிழங்கு இலை எதையும் கொடுக்காதீர்கள். களைநாசினி அடித்த மலையில் அறுத்த புல்லும் வேண்டாம். கரட் இனிப்பு, சிறு துண்டு போதும். கறிமிளகாய் நல்லது, அதில் விற்றமின் சி இருக்கிறது. நம்மைப்போலவே கினிப்பன்றியின் உடம்பும் அந்த விற்றமினைத் தானாகச் செய்துகொள்ளாது. அது குறைந்தால் மூட்டு வலிக்கும், தூக்கினால் கத்தும். நன்றாகப் பழகிய ஒன்று திடீரென்று தொட விடாமல் போனால் அதைக் குணம் கெட்டுவிட்டது என்று எடுக்காதீர்கள். மூட்டையும் தோலையும் பாருங்கள், ஈரக் காலத்தில் வரும் படையும் உண்ணியும் கூட அப்படிச் செய்யும். படை நமக்கும் தொற்றும். தின்னாமல் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது. வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அதன் குடலுக்கு அது நஞ்சு.

எங்கள் பழுப்புக் குட்டி நான்காம் கிழமையில்தான் என் மகளின் மடியில் முதல் தடவையாகத் தின்றது. ஆனால் கூட்டைக் கண்டதும் கையிலிருந்து பாயும், பல விழுகைகள் அங்கேதான் நடக்கின்றன. அதனால் அவள் இப்போது குட்டியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, அது அடங்கும் வரை நெஞ்சோடு வைத்திருந்து, பின்னங்கால்கள் தரையைத் தொட்ட பிறகுதான் கையை எடுக்கிறாள்.