எண்ணெய் வயல் ஊரில் வெல்டிங் பயிற்சி தொடங்கப் போகிறீர்களா?

எண்ணெய் எடுக்கும் ஊரிலேயே பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. கிணறு தோண்டும்போதும் பைப்லைன் போடும்போதும் ஆட்கள் நிறைய வேண்டும். எண்ணெய் ஓட ஆரம்பித்த பிறகு கொஞ்சம் பேர் போதும். இதைக் கணக்கில் வைத்துத்தான் பயிற்சியைத் திட்டமிட வேண்டும். நான் வெல்டிங் சொல்லிக்கொடுப்பவன், அதை வைத்தே சொல்கிறேன்.

மெஷின் வாங்கும் முன் ஒப்பந்தக்காரர்களைப் போய்ப் பாருங்கள். "ஆள் வேண்டுமா?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். "வெல்டருக்கு என்ன டெஸ்ட் வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். நான் அதைக் கேட்காமல் முதல் குழுவை மூன்று மாதம் தகட்டிலேயே பழக்கினேன். சான்றிதழும் கொடுத்தேன். பைப் டெஸ்ட்டில் ஒருவர்கூடத் தேறவில்லை. திரும்பி வந்து வாசலில் நின்ற அவர்கள் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பைப் வேலைக்குப் பெரும்பாலும் கேட்பது 6ஜி என்ற டெஸ்ட். பைப் 45 டிகிரி சாய்வில் அசையாமல் இருக்கும், வெல்டர்தான் அதைச் சுற்றி உடம்பை வளைக்க வேண்டும். ரூட் (இரண்டு பைப்பும் சேரும் இடத்தில் அடியில் போடும் முதல் வெல்டு) அடிக்க 6010 ராடு, மேலே நிரப்ப 7018 ராடு என்பது பரவலான முறை. ரூட் அடிக்கும்போது ராடு நுனியில் சாவித்துளை போல ஒரு சின்ன ஓட்டை தெரியும். அது பெரிதானால் உலோகம் உள்ளே வழியும், மூடிக்கொண்டால் உள்பக்கம் சேராது. முதல் சில வாரம் அந்த ஓட்டையைப் பார்க்க மட்டுமே பழக்குகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

7018 ராடு ஈரம் பிடித்தால் வெல்டில் ஹைட்ரஜன் புகுந்து விரிசல் விடும். பெட்டியைப் பிரித்ததும், ராடைச் சூடாக வைக்கும் ஓவனில் 120 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வையுங்கள். 6010-ஐ அதில் வைக்கவே கூடாது, அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும்.

வாரம் ஒரு நாள் அவரவர் வெல்டை அவரவரே பட்டையாக அறுத்து, 'ப' போல வளைத்துப் பார்க்கட்டும். வெடித்த இடத்தைப் பார்த்தாலே தவறு புரிந்துவிடும்.

எண்ணெய் இருந்த டிரம்மை வெட்டவோ வெல்டு வைக்கவோ யாரையும் விடாதீர்கள். காலி என்று நினைப்போம், உள்ளே ஆவி நிற்கும், வெடித்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவைப் பற்றியும் முதல் வாரமே சொல்லுங்கள்: அழுகிய முட்டை வாடை அடிக்கும், ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். மூக்கை நம்பாமல் டிடெக்டரை நம்பச் சொல்லுங்கள்.

சரி, எண்ணெய் தீர்ந்தால்? நைஜீரியாவின் ஒலோய்பிரியில் 1956-ல் எண்ணெய் கண்டார்கள். 1970-களின் முடிவுக்குள் அங்கே உற்பத்தி நின்றுபோனது. அதனால் கேட், தண்ணீர்த் தொட்டி, படகு ரிப்பேர் எல்லாவற்றையும் பாடத்தில் சேருங்கள். கடைசி மாதம் ஒவ்வொருவரும் வெளியே ஒரு ஆர்டர் பிடித்து, இரும்பு, ராடு, கரண்ட், கூலி எல்லாம் கணக்குப் போட்டு, விலை பேசி, செய்து கொடுத்துப் பணம் வாங்கி வரட்டும். சான்றிதழை அன்றைக்குக் கொடுங்கள்.