எஞ்சினைப் பிரிக்கும் முன்: வீட்டுச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் காரில் கொஞ்சம் புகையும் இழுவைக் குறைவும் தெரிந்தால், இப்போது பலர் சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜைத் தாங்களே வாங்கிச் சோதிக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் நாங்கள் தொழில் பழகிய காலத்தில் எங்கே சறுக்கினோமோ அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்க்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல எஞ்சினுக்கே சேதம் என்று தீர்ப்பு எழுத வைக்கும் தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

புகையின் நிறத்தை மட்டும் பார்ப்பது

நீலப் புகை என்றதும் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் போய்விட்டது என்கிறார்கள். புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் கிளப்பியதும் ஒரு முறை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்தான் காரணம். மேடேறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த வந்துகொண்டே இருந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். இரண்டுக்கும் ஆகும் செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆயில் மூடியில் வெள்ளைப் பசையைக் கண்டு பதறுவது

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் வண்டியில் இது சாதாரணம். எஞ்சின் முழுதாகச் சூடேறாததால் உள்ளே படியும் ஈரம் வெளியேறுவதில்லை. டிப்ஸ்டிக்கிலும் அதே பசை இருந்து, கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால், சிலிண்டர்களுக்கும் அவற்றை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

ஒரே ஒரு கம்ப்ரஷன் அளவை நம்பி எஞ்சினைப் பிரிப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் எல்பிஜியில் ஓடும் மாருதி 800 வைத்திருந்தார். "அண்ணா, மூன்று சிலிண்டரிலும் அழுத்தம் இல்லை. ரிங் மொத்தமும் போய்விட்டது" என்று போனில் சொன்னார். நான் போவதற்குள் ஹெட் கழன்று திண்ணைக்கு வந்துவிட்டது. உதவிக்கு வந்த மெக்கானிக், சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தும் ரீபோருக்குத் தொகையும் சொல்லியிருந்தார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். சிலிண்டர் சுவரில் தயாரிப்பின்போதே கீறப்படும் ஹோனிங் கோடுகள் குறுக்கும் மறுக்குமாகத் தெளிவாக இருந்தன. மேல் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தேன். தட்டுகிற அளவுக்குத் தேய்மானப் படி எதுவும் இல்லை. ரீபோர் கேட்கும் சிலிண்டர் இப்படி இருக்காது.

"சோதிக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தீர்களா?"

"அழுத்த வேண்டுமா அண்ணா?"

ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திறக்கும் காற்று வழி, த்ராட்டில், மூடியிருந்தால் சிலிண்டருக்குள் போதிய காற்றே போகாது. போகாத காற்றைப் பிஸ்டன் எப்படி அழுத்தும்? போதாக்குறைக்கு எஞ்சின் ஆறிக் கிடந்தது, பேட்டரியும் பலவீனம். எல்லா சிலிண்டரும் ஒரே சீராகக் குறைவாகக் காட்டினால் முதலில் சோதனை செய்த விதத்தைச் சந்தேகியுங்கள். அடுத்து, வால்வுகளை உரிய நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

எஞ்சினைச் சூடேற்றி நிறுத்துங்கள். பெட்ரோலும் கேஸும் வராமல் அடைத்து, இக்னிஷன் இணைப்பைக் கழற்றி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் பிடிக்கட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே கால அளவு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். நல்ல நிலையில் உள்ள பல பெட்ரோல் எஞ்சின்கள் 150 முதல் 180 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரை காட்டும், உங்கள் வண்டிக்கான குறைந்தபட்ச அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங். அசையாமல் நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். டீசலில் ஆயில் விட்டுப் பார்க்காதீர்கள். அங்கே அழுத்த இடம் மிகச் சிறியது, ஊற்றிய ஆயிலே அளவைப் பொய்யாக ஏற்றிவிடும்.

கேஸில் ஓடும் பழைய எஞ்சினில் இன்னொன்றும் உண்டு. வால்வு அமரும் சீட் தேயத் தேய வால்வு மேலேறி, வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் விடும் டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடைசியில் வால்வு முழுதாக மூடாது. திண்ணையில் கிடந்த அந்த ஹெட்டிலேயே, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜைச் செருகிப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. இழுவைக் குறைவுக்குக் காரணம் அங்கேதான் இருந்தது. வால்வு கவரைத் திறந்து, ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் வைத்து இடைவெளியைச் சரிசெய்து, மறுபடி அளவெடுத்திருக்க வேண்டிய வேலை. அதற்குப் பதிலாகப் புது ஹெட் கேஸ்கெட், ஹெட்டின் மட்டம் பார்க்க லேத் கூலி, ஆயில், கூலண்ட் என்று அவர் பணம் கரைந்தது. ரீபோரையாவது தடுக்க முடிந்தது.

ஆயில் பிரஷர் விளக்கு எரிய எரிய ஓட்டி, சத்தத்தைக் கேட்பது

எஞ்சினை உடனே அணையுங்கள்.

சத்தத்தை அடக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது

சத்தம் குறையும். தேய்மானம் குறையாது.

பழைய ஆயில் பில்டரைத் தூக்கி எறிவது

கழற்றிய பில்டரை அறுத்துப் பாருங்கள். வாள் போட்டால் அதன் துகளே உள்ளே விழும். உருளை வைத்து வெட்டும் கட்டர் நல்லது. உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து, ஆயிலைப் பிழிந்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாக மின்னினால் பிஸ்டனோ பேரிங்கோ தேய்கிறது. செம்பு நிறத் துகள் கண்டால் பேரிங்கின் மேற்பூச்சு போய் அடியடுக்கு வெளிவந்திருக்கலாம். அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி பேரிங்கைப் பாருங்கள்.