நைட்லி பில்டுக்கு எண் போடும்போது எங்கே தவறுகிறோம்

ஓப்பன் சோர்ஸாக ஒரு கமாண்ட் லைன் கருவியை வெளியிடுகிறவர்களில் பலர், வெர்ஷன் எண்ணைப் பற்றிக் கடைசி நிமிடத்தில்தான் யோசிக்கிறார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியிடும்வரை இப்படியே ஓட்டிவிடலாம். தினமும் தானாக ஒரு பில்ட் (கோடிலிருந்து ஓடத் தயாராக ஆக்கிய பதிப்பு; தினமும் வருவதால் ‘நைட்லி’) வெளியே போகும் ரோலிங் முறைக்கு மாறியதும் நிலைமை வேறு. பக் ரிப்போர்ட் அனுப்புகிறவர் ஓட்டிக்கொண்டிருப்பது எந்தக் கமிட் (கோடில் பதிவுசெய்த மாற்றம்) என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எண் இருப்பதே அதற்காகத்தான்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, ‘நைட்லி’ என்று ஒரே ஒரு டேக் (ஒரு கமிட்டுக்கு ஒட்டும் பெயர்) வைத்துக்கொண்டு தினமும் அதைப் புதிய கமிட்டுக்கு நகர்த்துவது. நேற்று இறக்கியவரிடமும் இன்று இறக்கியவரிடமும் ஒரே பெயர், வேறு வேறு பைனரி. கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட், 2.20 பதிப்பு முதல், சும்மா ஃபெட்ச் செய்தால் (சர்வரிலிருந்து புதியதை எடுத்தால்) கணினியில் ஏற்கெனவே இருக்கும் டேக்கை மாற்றாது. வற்புறுத்திச் சொல்ல வேண்டும். அதனால் பங்களிப்பாளர்களின் கணினியில் பழைய டேக் அப்படியே கிடக்கும். வீடியோ இறக்கும் கருவியான ஒய்டி-டிஎல்பி இதை ஒழுங்காகச் செய்கிறது. அதன் நைட்லி பில்டுகளுக்குத் தனி ரெப்போ இருக்கிறது. ஒவ்வொரு பில்டுக்கும் தேதியோடு நேரமும் சேர்ந்த சொந்த எண் உண்டு. நேற்றையது கெட்டுப்போனால் முந்தாநாளுக்குத் திரும்பிப் போகலாம்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது, அதனால் பலர் கண்ணில் படுவதில்லை. பில்ட் எண்ணைக் கிட் டிஸ்க்ரைப் கட்டளையிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். 1.4.2 டேக்குக்குப் பிறகு 17 கமிட் போயிருந்தால் அது 1.4.2-17 என்று தொடங்கி, பின்னால் கமிட்டின் அடையாளத்தையும் சேர்த்துத் தரும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் செமாண்டிக் வெர்ஷனிங் (1.4.2 போல மூன்று எண்ணால் வெர்ஷனைச் சொல்லும் பொதுவான முறை) விதிப்படி, எண்ணுக்குப் பின் ஹைஃபன் வந்தால் அது முன்னோட்ட வெளியீடு. அதாவது 1.4.2-17 என்பது 1.4.2-ஐ விடப் பழையது! நைட்லி வைத்திருப்பவரிடம் அப்டேட்டர் “1.4.2 புதிதாக வந்திருக்கிறது” என்று சொல்லி, 17 கமிட் பின்னால் இழுத்துவிடும். அடுத்து வரப்போகும் எண்ணை வைத்து 1.4.3-0.17 என்று போட்டு, கமிட் அடையாளத்தை ப்ளஸ் குறிக்குப் பின்னால் தள்ளினால் வரிசை சரியாகிவிடும். டெபியன் லினக்ஸ் இதையே டில்டே (~) குறியால் செய்கிறது: டில்டே வந்தால் அந்த எண்ணுக்கு முந்தையது.

இதே இடத்தில் இன்னொரு பொறி. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் (பில்ட் தானாக ஓடும்போது கோடை எடுத்துத் தரும் படி), வேறு மாதிரி சொல்லாவிட்டால் கடைசிக் கமிட்டை மட்டும்தான் எடுக்கும், டேக்குகள் வராது. உங்கள் லேப்டாப்பில் ஒழுங்காக வந்த எண் அங்கே வராமல் போகும். முழு வரலாற்றையும் எடுக்கச் சொல்லுங்கள்.

தேதியை எண்ணாக வைப்பது ரோலிங் முறைக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் பூஜ்யங்களில் கவனம் வேண்டும். ஒய்டி-டிஎல்பியின் 2023.03.04, பைத்தான் பேக்கேஜ்களுக்கான பைபிஐ தளத்தில் 2023.3.4 ஆகிவிடுகிறது. செமாண்டிக் வெர்ஷனிங்கிலோ முன்னால் பூஜ்யம் போடவே அனுமதியில்லை, ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் கருவியான கார்கோ அதை ஏற்காது. எந்த வடிவமானாலும் எழுத்துச் சரமாக ஒப்பிடாதீர்கள். அப்படிச் செய்தால் 1.10 எப்போதும் 1.9-க்குப் பின்தங்கியே நிற்கும்.

எதை மாற்றினால் முதலில் வரும் பெரிய எண்ணை உயர்த்த வேண்டும் என்பதிலும் தடுமாறுகிறோம். லைப்ரரிக்கு ஃபங்ஷன்கள் எப்படியோ, கமாண்ட் லைன் கருவிக்கு ஃபிளாக்குகளும் (கட்டளையோடு தரும் விருப்பங்கள்) அவுட்புட்டும் எக்ஸிட் கோடும் (முடியும்போது தரும் வெற்றி-தோல்வி எண்) அப்படி: மற்றவர்கள் நம்பியிருப்பவை. பிழைச் செய்திகள் போகும் வெளியீட்டில் (stderr) ஒரு வரி கூடுவதுகூடச் சிறிய மாற்றமில்லை. ஃபைல்களில் உரை தேடும் கருவியான குனு கிரெப்பின், 2022 செப்டம்பரில் வந்த 3.8-இல், ஈகிரெப் கட்டளையை ஓட்டினால் “இது வழக்கொழிந்தது” என்று ஒரு எச்சரிக்கை வரத் தொடங்கியது. 2007 முதலே கைவிடப்பட்ட கட்டளைதான். ஆனாலும் பிழை வெளியீட்டில் எதுவும் வரக் கூடாது என்று எழுதியிருந்த ஸ்கிரிப்டுகள் தடுக்கி விழுந்தன. ரோலிங் முறையில் இப்படிப்பட்ட மாற்றம் அன்றிரவே பயனரிடம் போய்விடும், ஆகவே சேஞ்ச்லாக்கில் அதைத் தனியாக, முதலில் எழுதுங்கள்.

கடைசியாக, வெளியிட்ட எண்ணின் கீழ் ஃபைலை மாற்றி ஏற்றுவது. பத்து நிமிடத்தில் பக் தெரிந்தால் கை அரிக்கத்தான் செய்யும். ஆனால் அதற்குள் யாரோ இறக்கியிருப்பார்கள், செக்சம் (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) எடுத்து ஒரு பேக்கேஜில் எழுதியும் இருப்பார்கள். பைபிஐ இதற்கு இடமே தருவதில்லை; அழித்த ஃபைலின் பெயரைக்கூட மறுபடி பயன்படுத்த முடியாது. இணையத்தில் தரவு அனுப்பிப் பெறும் கருவியான கர்ல் தன் 25-ஆம் பிறந்தநாளான 2023 மார்ச் 20 அன்று 8.0.0-ஐ வெளியிட்டது. 7-இல் தொடங்கும் எண்களோடே இருபது ஆண்டுக்கு மேல் வந்த கருவிக்கு அது பெரிய நாள். அன்றே ஒரு பக் தெரியவந்தது. அவர்கள் 8.0.0-ஐத் தொடாமல், அன்றைக்கே 8.0.1-ஐ வெளியிட்டார்கள்.